45 விழுக்காடு: யாருக்கு?

சென்ற ஆண்டு, பள்ளி விடுமுறை முடிந்து வந்த முதல் வாரம். படிவம் நான்கு மாணவி ஒருத்தி, மற்றவர்கள் எல்லாரும் ஓய்வு நேரத்துக்குப் போன பிறகும் என் மேசை அருகிலேயே நின்றிருந்தாள். பள்ளிக்குக் கைப்பேசி கொண்டுவரக் கூடாது என்பதால், அம்மாவின் புலனத்தில் வந்த ஒரு செய்தியை நோட்டுத் தாளில் எழுதி எடுத்து வந்திருந்தாள்.

செய்தி இதுதான்: மெசோதீலியோமா என்ற புற்றுநோய்க்கு மருந்து கிடைத்துவிட்டது, அது நம் உடலே சுரக்கும் இன்டர்ஃபெரான் என்ற புரதம், பக்க விளைவே கிடையாது, 45 விழுக்காடு நோயாளிகள் குணமடைந்தார்கள், மருத்துவமனைகள் இதை மறைக்கின்றன. கடைசியில், ஊசி மருந்து வாங்க ஒரு வெளிநாட்டுத் தொலைபேசி எண்.

"உண்மையா டீச்சர்?" என்று கேட்டாள்.

நான் பாதி படித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தேன். "இதெல்லாம் காசு பிடுங்குற வேலைம்மா. நம்பாதே."

அவள் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "எங்க பெரியப்பாவுக்கு இந்த நோய்தான் டீச்சர்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. உட்கார்ந்து தேடிப் படித்தேன். அந்த 45 விழுக்காடு பொய்யான எண் அல்ல. உண்மையான ஆய்வு ஒன்றில், உண்மையான மருத்துவர்கள் கண்டு வெளியிட்ட எண் அது. அதைச் சுற்றி எழுதப்பட்ட சொற்கள்தான் பொய். ஆக, அவளும் ஏமாறும் நிலையில் இருந்தாள். நானும் படிக்காமலே தீர்ப்புச் சொல்லியிருந்தேன். இரண்டுமே அறிவியல் வழி அல்ல.

மருந்துச் செய்தி வந்தால் உடனே நம்புவதும் தவறு, உடனே தள்ளுவதும் தவறு. அதை வாசிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். இதுதான் என் கருத்து. இன்டர்ஃபெரானின் கதையைவிட நல்ல பாடம் இதற்குக் கிடைக்காது என்று நினைக்கிறேன்.

நாற்பது ஆண்டு காத்திருக்கும் நோய்

முதலில் நோயைப் பார்ப்போம். நம் நுரையீரலைச் சுற்றி இரண்டு மெல்லிய உறைகள் உள்ளன. இவற்றுக்கு இடையில் சிறிதளவு திரவம் இருப்பதால்தான் மூச்சு விடும்போது நுரையீரல் உராயாமல் விரிந்து சுருங்குகிறது. இந்த உறையில் தோன்றும் புற்றுநோயே மெசோதீலியோமா. சில வேளைகளில் வயிற்று உறையிலும் வரும். இது பெரும்பாலும் ஒரே உருண்டைக் கட்டியாக வளர்வதில்லை. பழத்தின் தோல் போல நுரையீரலைச் சுற்றிப் படர்கிறது. அதனால் அறுவை செய்து முழுவதும் அகற்றுவது மிகவும் கடினம். உறைகளுக்கு இடையில் நீர் கோத்து மூச்சுத் திணறும்போதுதான் பலர் மருத்துவரிடமே போகிறார்கள்.

இதன் முக்கியக் காரணம் அஸ்பெஸ்டாஸ் எனப்படும் கல்நார். தீப்பிடிக்காது, மலிவு, உறுதியானது என்பதால் கூரைத் தகடு, கப்பல், கொதிகலன், நீராவிக் குழாய் என்று எல்லா இடங்களிலும் பயன்படுத்தப்பட்டது. அதை அறுக்கும்போதும் உடைக்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய இழைகள் காற்றில் கலக்கின்றன. மூச்சோடு உள்ளே போகும் இழைகளை நம் உடலால் கரைக்க முடியாது. கிருமிகளை விழுங்கும் வெள்ளை உயிரணுக்கள் இவற்றையும் விழுங்கப் பார்க்கின்றன. இழை நீளமாக இருப்பதால் முடிவதில்லை. அந்தப் போராட்டம் பல ஆண்டுகள் அழற்சியாகத் தொடர்ந்து, உயிரணுக்களின் மரபணுக்களில் சேதத்தை உண்டாக்குகிறது. இழையைச் சுவாசித்த நாளுக்கும் நோய் தெரியும் நாளுக்கும் இடையே 20 முதல் 50 ஆண்டுகள்கூட ஆகலாம்.

1960இல் வேக்னர் என்ற நோயியல் மருத்துவரும் அவருடைய சகாக்களும் தென்னாப்பிரிக்காவின் கேப் மாநிலத்திலிருந்து 33 நோயாளிகளைப் பற்றி எழுதிய கட்டுரைதான் இந்தத் தொடர்பை உலகுக்கு உறுதியாகக் காட்டியது. அங்கே நீலக் கல்நார்ச் சுரங்கங்கள் இருந்தன. அந்த 33 பேரில் சுரங்கத்தில் வேலையே செய்யாதவர்களும் இருந்தார்கள். சிறுவயதில் சுரங்கத்துக்கு அருகில் வாழ்ந்ததே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

என் மாணவியின் பெரியப்பா இளவயதில் கட்டுமான வேலை பார்த்தவர். கூரைத் தகடுகளை ரம்பத்தால் அறுத்தவர். முகக்கவசம் என்ற ஒன்றை அந்தக் காலத்தில் அவருக்கு யாரும் தரவில்லை.

கோழி முட்டையில் பிறந்த பெயர்

இனி மருந்து. 1957இல் லண்டனில் அலிக் ஐசக்ஸ், ஜீன் லிண்டன்மன் என்ற இருவர் ஓர் எளிய பரிசோதனை செய்தார்கள். வெப்பத்தால் செயலிழக்கச் செய்த சளிக்காய்ச்சல் வைரஸைக் கோழி முட்டையின் உட்சவ்வோடு சேர்த்து வைத்தார்கள். பிறகு அந்தத் திரவத்தை எடுத்துப் புதிய சவ்வில் விட்டார்கள். அந்தப் புதிய சவ்வில் உயிருள்ள வைரஸ் சரியாக வளர முடியவில்லை. அப்படியென்றால் முதல் சவ்வின் உயிரணுக்கள் ஏதோ ஒரு பொருளைத் திரவத்தில் விட்டிருக்க வேண்டும். வைரஸின் வேலையில் 'குறுக்கிடுவதால்' அதற்கு இன்டர்ஃபெரான் என்று பெயர் வைத்தார்கள். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே ஜப்பானில் நாகானோ, கொஜிமா என்ற இருவரும் இது போன்ற ஒரு பொருளைக் கண்டிருந்தார்கள்.

தெருவில் ஒரு வீட்டில் திருடன் நுழைந்தால், அந்த வீட்டுக்காரர் அண்டை வீடுகளுக்குக் குரல் கொடுப்பார் அல்லவா? இன்டர்ஃபெரான் அந்தக் குரல். அதைக் கேட்ட உயிரணுக்கள் தம் கதவுகளை அடைத்துக்கொள்கின்றன. காவலர்களான வெள்ளை உயிரணுக்களும் விழித்துக்கொள்கின்றன. ஆல்ஃபா, பீட்டா, காமா என்று இதில் வகைகள் உண்டு. சளிக்காய்ச்சலின்போது நமக்கு வரும் உடம்பு வலி, குளிர், சோர்வு ஆகியவற்றுக்கு நம் உடலே சுரக்கும் இன்டர்ஃபெரானும் ஒரு காரணம். எனவே 'உடலே சுரப்பது, ஆகவே பக்க விளைவு இல்லை' என்ற வாதம் இங்கேயே உடைந்துவிடுகிறது. இன்சுலினும் உடலே சுரப்பதுதான். அளவு மீறினால் ஆபத்து.

இன்டர்ஃபெரான் சில புற்று உயிரணுக்கள் பெருகுவதையும் மெதுவாக்குகிறது, அவற்றை வெள்ளை உயிரணுக்களுக்குக் காட்டியும் கொடுக்கிறது என்று தெரிந்ததும் உலகமே பரபரப்படைந்தது. அப்போது அதைத் தயாரிப்பது பெரும்பாடு. ஃபின்லாந்தில் காரி கான்டெல் என்பவர் இரத்த தானத்தில் கிடைத்த வெள்ளை உயிரணுக்களிலிருந்து சிறிது சிறிதாகப் பிரித்தெடுத்துக் கொடுத்தார். 1978இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் இதைச் சோதிக்க 20 லட்சம் டாலர் ஒதுக்கியது. 1980 மார்ச்சில் 'டைம்' வார இதழின் அட்டைப்படத்திலேயே இன்டர்ஃபெரான் இடம்பெற்றது. அதே ஆண்டில் சார்ல்ஸ் வைஸ்மன் குழு இன்டர்ஃபெரான் மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் செலுத்தி, பாக்டீரியாவையே அதைத் தயாரிக்க வைத்தது. நீங்கள் பாடத்தில் படிக்கும் மரபணுப் பொறியியல் இதுதான். தட்டுப்பாடு நீங்கியது.

மருந்து தாராளமாகக் கிடைத்தபின் நடந்த சோதனைகள் ஒரு பாடத்தைச் சொல்லின. எல்லாப் புற்றுநோய்க்கும் இது மருந்தல்ல. ஆனால் பயனற்றதும் அல்ல. 1986இல் அமெரிக்காவில் ஓர் அரிய வகை இரத்தப் புற்றுநோய்க்கு இது அனுமதி பெற்றது. பின்னர் ஹெபடைடிஸ் கல்லீரல் அழற்சிக்குப் பல ஆண்டுகள் பயன்பட்டது. அற்புதம் என்று வர்ணிக்கப்பட்ட ஒன்று, சில நோய்களுக்கு மட்டும் உதவும் மருந்தாகத் தன் இடத்தைக் கண்டுகொண்டது.

அந்த 45 எங்கிருந்து வந்தது?

மெசோதீலியோமாவுக்கு வருவோம். பிரான்ஸ் நாட்டின் மார்செய் நகரைச் சேர்ந்த புட்டான் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் ஒரு நல்ல யோசனை செய்தார்கள். நோய் நுரையீரல் உறையில்தானே இருக்கிறது? மருந்தை உடல் முழுதும் அனுப்பாமல், ஒரு மெல்லிய குழாய் வழியாக அந்த உறை இடைவெளியிலேயே விட்டால் என்ன? காமா இன்டர்ஃபெரானை வாரம் இருமுறை, இரண்டு மாதங்களுக்குக் கொடுத்தார்கள். 89 நோயாளிகளிடம் கண்ட முடிவை 1994இல் 'கேன்சர்' என்ற ஆய்விதழில் வெளியிட்டார்கள். நான் பாலர் பள்ளி போய்க்கொண்டிருந்த காலம் அது. யாரும் மறைக்கவில்லை, முப்பது ஆண்டுகளாக எவரும் படிக்கும்படி இருக்கிறது.

முடிவு என்ன? 89 பேரில் 8 பேருக்குக் கட்டி தென்படாத அளவுக்கு மறைந்தது. 9 பேருக்குப் பாதியோ அதற்கு மேலோ சுருங்கியது. மொத்தம் 17 பேர். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏறத்தாழ ஐந்தில் ஒருவர். புலனச் செய்தியின்படி 45 விழுக்காடு என்றால் 89 பேரில் 40 பேர் இருந்திருக்க வேண்டும்.

பிறகு 45 எங்கே? நோயின் முதல் கட்டத்தில் இருந்தவர்களை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தபோது, அவர்களில் 45 விழுக்காட்டினருக்குக் கட்டி மறைந்தோ சுருங்கியோ இருந்தது. அதாவது அந்த எண் ஒரு சிறு பிரிவுக்கு உரியது. செய்தி எழுதியவர் 'முதல் கட்டம்' என்ற இரண்டு சொற்களை நீக்கினார். 'கட்டி சுருங்கியது' என்பதைக் 'குணமடைந்தார்கள்' என்று மாற்றினார். அவ்வளவுதான். எண்ணை அவர் தொடவே இல்லை.

இன்னும் இரண்டு விவரங்கள். இந்த ஆய்வில், மருந்து பெறாத வேறொரு குழுவோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. எனவே மருந்து பெற்றவர்கள் மற்றவர்களைவிட நீண்ட நாள் வாழ்ந்தார்களா என்று இதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. பக்க விளைவுகளும் இருந்தன: கடும் காய்ச்சல், கல்லீரல் பாதிப்பு, வெள்ளை உயிரணுக் குறைவு, குழாய் வைத்த இடத்தில் கிருமித் தொற்று.

மெசோதீலியோமாவுக்கு வழக்கமான சிகிச்சையாக இன்று இன்டர்ஃபெரான் இல்லை. ஆனால் அந்த யோசனை அங்கேயே நின்றுவிடவும் இல்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஸ்டெர்மன், ஆல்பெல்டா ஆகியோரின் குழு, இன்டர்ஃபெரான் மரபணுவைத் தீங்கற்றதாக்கிய ஒரு வைரஸில் ஏற்றி, நுரையீரல் உறைக்குள் விட்டுச் சோதித்தது. உறையின் உயிரணுக்களே மருந்தைத் தயாரிக்கட்டும் என்பது நோக்கம். நோயாளிகளிடம் சோதனைகள் நடந்தன. இதே முறையில் தயாரான ஒரு மருந்து 2022 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆனால் அது சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் ஒரு வகைக்கு.

இன்டர்ஃபெரான் மட்டும் போதாமல் போனதற்கு ஒரு சுவையான காரணமும் உண்டு. காமா இன்டர்ஃபெரானின் குரல் காவலர்களை எழுப்புகிறது. அதே குரலைக் கேட்கும் புற்று உயிரணு, 'என்னைத் தாக்காதே' என்று சொல்லும் ஒரு புரதத்தைத் தன் மேற்பரப்பில் அதிகமாக்கிக் கொள்கிறது. வெள்ளை உயிரணுக்களுக்கு அது ஒரு நிறுத்துக்கட்டை. இந்த நிறுத்துக்கட்டைகளை எடுத்துவிடும் வழிக்கு அடிப்படை அமைத்த ஜேம்ஸ் அலிசன், தசுகு ஹோஞ்சோ இருவருக்கும் 2018இல் நோபெல் பரிசு கிடைத்தது. அந்த வழியில் வந்த நிவோலுமாப், இபிலிமுமாப் என்ற இரு மருந்துகளைச் சேர்த்து மெசோதீலியோமாவுக்குக் கொடுக்க 2020 அக்டோபரில் அமெரிக்கா அனுமதித்தது.

இதன் ஆய்வை முந்தையதோடு ஒப்பிடுங்கள். 605 நோயாளிகள். குலுக்கல் முறையில் இரு குழுக்கள். ஒரு குழுவுக்குப் புதிய மருந்துகள், மற்றதற்கு வழக்கமான கீமோதெரபி. கீமோதெரபி பெற்றவர்களில் பாதிப் பேர் 14.1 மாதங்களைத் தாண்டி வாழ்ந்தார்கள். புதிய மருந்து பெற்றவர்களில் பாதிப் பேர் 18.1 மாதங்களைத் தாண்டி வாழ்ந்தார்கள். வித்தியாசம் நான்கு மாதம். 'அற்புதம்' என்று தலைப்புப் போட முடியாத எண். ஆனால் நம்பக்கூடிய எண்.

நம்பிக்கையைக் கெடுக்கலாமா?

என் சக ஆசிரியர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் கேட்டார்: "நோயாளிக்கு இருப்பதே நம்பிக்கைதான். எண்ணைக் காட்டி அதையும் பறிக்கணுமா?"

நியாயமான கேள்வி. ஆனால் நான் உடன்படவில்லை. பொய்யான நம்பிக்கைக்கு விலை உண்டு. அந்த மாணவியின் வீட்டில், வெளிநாட்டு எண்ணுக்குப் பணம் அனுப்ப அம்மாவின் சங்கிலியை அடகு வைக்கலாமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். மருத்துவர் சொன்ன சிகிச்சையைத் தள்ளிப்போடலாமா என்றும் யோசித்தார்கள். பணம் போனாலும் திரும்பச் சேர்க்கலாம். பெரியப்பாவுக்கு மிச்சமிருந்த மாதங்கள் போனால் திரும்பாது.

நான்கு மாதம் என்பதும் சின்ன விஷயம் அல்ல. ஒரு தீபாவளி, ஒரு திருமணம், ஒரு பேரக்குழந்தையின் பிறப்பு அந்த நான்கு மாதங்களுக்குள் வரலாம். உண்மையான எண்ணைச் சொல்வது நம்பிக்கையைப் பறிப்பது ஆகாது. எதை நம்பலாம் என்று காட்டுவது அது.

நான்கு கேள்விகள்

மறுநாள் அவளைக் கூப்பிட்டேன். "நேத்து நான் அவசரப்பட்டுட்டேன்மா. உட்காரு, சேர்ந்து பார்க்கலாம்." அந்தத் தாளின் பின்பக்கத்தில் இருவரும் நான்கு கேள்விகளை எழுதினோம்.

1. எத்தனை பேரிடம் சோதித்தார்கள்? நோயின் எந்தக் கட்டத்தில் இருந்தவர்கள்?

2. யாரோடு ஒப்பிட்டார்கள்? ஒப்பிடவே இல்லையா?

3. 'பலன்' என்று எதைச் சொல்கிறார்கள்? கட்டி சுருங்கியதா, நீண்ட நாள் வாழ்ந்தார்களா?

4. பக்க விளைவு என்ன? செய்தியைச் சொல்பவருக்கு அதில் என்ன இலாபம்?

அவள் குடும்பம் அந்தத் தாளோடு புற்றுநோய் மருத்துவரைப் பார்க்கப் போனது. அவர் பொறுமையாக ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாராம். பெரியப்பாவின் நோய் முதல் கட்டத்தில் இல்லை. அந்த 45 அவருக்குப் பொருந்தாது. பொருந்தக்கூடிய சிகிச்சை எது, அது எவ்வளவு உதவும், எவ்வளவு உதவாது என்பதையும் விளக்கினார். சங்கிலி அடகுக்குப் போகவில்லை.

பெரியப்பா எட்டு மாதங்களுக்குப் பிறகு காலமானார். அதன் பின் பள்ளிக்கு வந்த நாளில் அவள் சொன்னாள்: "என்ன நடக்குதுன்னு எங்க எல்லாருக்கும் தெரிஞ்சிருந்துச்சு டீச்சர். பெரியப்பாவுக்கும் தெரியும்." வேறு எதுவும் சொல்லவில்லை.

இந்த நான்கு கேள்விகளுக்குப் பல்கலைக்கழகப் படிப்புத் தேவையில்லை. விழுக்காடும் மாறிகளும் உங்களுக்கே தெரியும். ஆய்வுக்கூடத்தில் செடிக்கு உரம் போட்டுச் சோதிக்கும்போது, உரம் போடாத ஒரு செடியையும் வைக்கிறோம். அதே ஒப்பீட்டை மருந்துச் செய்தியிலும் தேடினால் போதும். அறிவியல் ஆசிரியர்களாகிய நாங்களும் ஆண்டுக்கு ஓரிரு பாடவேளையையாவது இப்படிச் செய்திகளை வாசிக்க ஒதுக்க வேண்டும். தேர்வில் வராவிட்டாலும், இந்தக் கேள்வி ஒருநாள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் வரும்.

கடைசியாக, கூரையைப் பாருங்கள்

மெசோதீலியோமாவைப் பொறுத்தவரை, எந்த மருந்தையும்விட உறுதியான வழி ஒன்று உண்டு: இழையைச் சுவாசிக்காமல் இருப்பது. கல்நாரின் எல்லா வகைகளும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. கட்டடங்களில் கல்நார் பயன்பாட்டைச் சிங்கப்பூர் 1989இல் தடை செய்தது. மலேசியாவில் கல்நார் வேலைகளைக் கட்டுப்படுத்தும் விதிமுறைகள் 1986இல் வந்தன. ஆனால் அதற்கு முன் போட்ட கூரைகளும் தடுப்புகளும் பழைய கட்டடங்களில் இன்னும் இருக்கக்கூடும்.

பயப்பட வேண்டாம். உடையாமல் முழுதாக இருக்கும் தகட்டிலிருந்து இழைகள் எளிதில் வெளிவருவதில்லை. உடைப்பது, அறுப்பது, துளையிடுவது, தேய்ப்பது, உடைந்த தூளைக் காய்ந்தபடியே துடைப்பத்தால் பெருக்குவது ஆகியவைதான் ஆபத்து. ஒரு தகட்டில் கல்நார் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஆய்வகத்தில்தான் சோதிக்க வேண்டும். எனவே பழைய வீட்டைப் புதுப்பிக்கிறோம் என்று அப்பாவோ மாமாவோ விடுமுறையில் ரம்பத்தை எடுத்தால், "இது எந்த வருஷத்துத் தகடு? முறையான ஆளைக் கூப்பிட்டுப் பார்க்கலாமே?" என்று நீங்கள் கேளுங்கள். சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று சொன்னால், இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

இன்று அறுக்கும் தகட்டின் தூசு, உங்களுக்கு அறுபது வயது ஆகும்போது பதில் கேட்கலாம். அப்போது என்ன மருந்து இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. இப்போது ரம்பத்தை நிறுத்தச் சொல்வது உங்களால் முடியும்.